மூத்தாருக்கு வாங்கிய வேப்

1

என் மூத்தார் தணிகாசலம் பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு என்னிடம் பேசியது ஒரு வாய்ஸ் மெசேஜில். வார்டில் மதியச் சாப்பாடு கொடுத்து முடித்துவிட்டு, நர்ஸுகள் உடை மாற்றும் அறையில் உட்கார்ந்து போனைத் திறந்தேன். சந்தவாசலில் இருந்து வந்திருந்தது. அவர் என் கணவர் ஏழுமலையின் கூடப்பிறந்த அண்ணன். அந்த நம்பரை நான் அழிக்காமல் வைத்திருந்ததற்குக் காரணம் பாசமில்லை. அழித்துவிட்டால், என்றாவது அவர் கூப்பிடும்போது யாரென்று தெரியாமல் எடுத்துவிடுவேனே என்றுதான்.

"மல்லிகாம்மா... நான் மாமா பேசறேன். எப்படி கீற? பாப்பா நல்லா கீதா? ஒண்ணும் இல்லம்மா... நீ சிகரெட்ட உட்டுட்டியாமே. பாப்பா நம்ம புள்ளகிட்ட சொல்லிச்சாம். இன்னாவோ மிஷினாமே, பேனா மாறி சின்னதா... டாக்டரு என்னையும் உடச் சொல்லிட்டாரு. முடியலம்மா. நீ வர்றப்ப அத்த ஒண்ணு எட்த்துனு வாயேன்."

மூன்று முறை கேட்டேன். முதல் முறை விஷயத்துக்காக. அடுத்த இரண்டு முறையும் அவர் மூச்சுக்காக. நுரையீரல் வார்டில் வேலை செய்கிறவள் நான். ஒரு ஆள் எத்தனை சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்குகிறான் என்பதை வைத்தே அவன் எந்தப் படியில் நிற்கிறான் என்று ஓரளவு சொல்லிவிடுவேன். தணிகாசலம் நன்றாகவே இறங்கியிருந்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை நாசூக்காகச் சொல்லத் தெரியவில்லை, அதனால் அப்படியே எழுதுகிறேன்.

இங்கிலாந்தின் வடக்கில், பாதி நாள் தூறிக்கொண்டே இருக்கும் ஒரு சின்ன ஊரில் இருக்கிறேன். நான் சிகரெட் பிடித்தது ஊரில் யாருக்கும் தெரியாது. பதினாறு வயது மகள் கயல், தன் பெரியப்பா மகளோடு போனில் எழுதிக்கொள்ளும் பழக்கம் உள்ளவள், "அம்மா சிகரெட்டை விட்டுட்டாங்க" என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். ஆக, ஜவ்வாது மலையில் பிறந்து சந்தவாசலில் வாழ்க்கைப்பட்ட மல்லிகா புகை பிடித்தாள் என்ற சேதியும் விட்டுவிட்டாள் என்ற சேதியும் ஊருக்கு ஒரே நாளில் போய்ச் சேர்ந்தன.

அன்றே பதில் அனுப்பினேன். "கண்டிப்பா எட்த்துனு வர்றேன் மாமா. அவரு திதிக்கு வர்றோம். நான் மலையில எங்க அண்ணன் வூட்லதான் இருப்பேன். நீங்க மேல வந்துடுங்க."

வாங்கிப் போகத்தான் போகிறேன். கொடுக்கப் போவதில்லை. அந்த முடிவை எடுக்க எனக்கு ஒரு வாய் தேநீர் குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை.

2

வேப் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சின்ன பேட்டரி ஒன்று. அதன் தலையில் நிகோட்டின் கலந்த திரவம் உள்ள ஒரு குப்பி. வாயில் வைத்து இழுத்தால் உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் சூடாகி, திரவம் ஆவியாகி வாய்க்கு வரும். நெருப்பு இல்லை, சாம்பல் இல்லை. மொத்தமாகத் தூக்கி எறிகிற வகையை இங்கே தடை செய்துவிட்டார்கள். இப்போது விற்பது, பேட்டரியை வைத்துக்கொண்டு, ஏற்கெனவே திரவம் நிரப்பி வரும் குப்பியை மட்டும் மாற்றிக்கொள்கிற வகை. அந்தக் குப்பிக்குப் பெயர் பாட்.

இந்தச் சொல்லால் எனக்கு ஒரு மானக்கேடு. முதன்முதலில் கடைக்குப் போய், எனக்குத் தெரிந்த உச்சரிப்பில் அதைக் கேட்டேன். கடைக்காரப் பையன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அதெல்லாம் நாங்கள் விற்பதில்லை அம்மையாரே என்றான். நான் விடாமல், ஆஸ்பத்திரியில்தான் சொன்னார்கள் என்றேன். அவன் முகம் வெளிறிப்போனது. கயல் என் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்த பிறகுதான் தெரிந்தது, நான் கேட்டது கஞ்சா. குப்பி pod, கஞ்சா pot. நம் எழுத்தில் இரண்டையும் ஒரே மாதிரிதான் எழுதுவோம், நாக்கும் அப்படித்தான் பழகியிருக்கிறது. இத்தனை வருஷம் ஆங்கிலத்தில் மருந்துப் பெயர்களைப் படித்தும் ஒரு எழுத்து என்னைக் காட்டிக் கொடுத்துவிட்டது.

நான் சிகரெட்டில் விழுந்தது ஏழுமலை போன பிறகு வந்த முதல் குளிர்காலத்தில். வார்டுக்குப் பின்னால் குப்பைத் தொட்டிகள் இருக்கும் இடத்தில் ஒரு போலந்துக்காரி நீட்டினாள், வாங்கினேன். என் வீட்டுக்காரரைக் கொன்றதையே நானும் பிடித்தேன். புகைக்கிறவர்களுக்கு வெளியே போய் நிற்க ஒரு காரணம் கிடைத்தது. எனக்கு வெளியே போய் நிற்க வேண்டியிருந்தது.

தணிகாசலத்தின் செய்திக்குப் பிறகு மூன்று வகை வாங்கி, ஒவ்வொன்றையும் ஒரு வாரம் பிடித்துப் பார்த்தேன். அவரை மனதில் வைத்தே பார்த்தேன். இங்கிலீஷ் படிக்கத் தெரியாத ஆள். விரல் தடித்தவர். எந்நேரமும் சட்டைப் பையில் சிகரெட் பெட்டி. அவருக்கு எது சரிவரும்?

முதலாவது, சீரியல் பல்பு போட்ட சாமித் தேர் மாதிரி இழுக்கும்போதெல்லாம் கலர் கலராக மின்னியது. மாம்பழ வாசனை என்று எழுதியிருந்தது. வாயில் வைத்தால் இருமல் மருந்தும் சர்க்கரைப் பாகும். வயதான ஆள் இதைச் சந்தவாசல் பஸ் ஸ்டாப்பில் பிடித்தால் சின்னப் பிள்ளைகள் பின்னால் ஓடும். சின்னப் பிள்ளைகளை இழுப்பதற்கென்றே செய்தது போலவும் இருந்தது. அதற்காகவே எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டாவது ஒழுகியது. கோட்டுப் பையில் வைத்து வார்டுக்குப் போய் வருவதற்குள் குப்பியின் அடியில் பிசுபிசுப்பு. அது உதட்டில் பட்டால் மிளகாய் தொட்ட கை மாதிரி எரியும். நம் ஊர் சித்திரை வெயிலுக்கு ஒருநாள் தாங்காது.

மூன்றாவது நன்றாக இருந்தது. கட்டைவிரலை விடக் கொஞ்சம் நீளம், கறுப்பு நிறம், கையில் இருப்பதே தெரியாத எடை. பட்டன் கிடையாது. குப்பியை அருகே கொண்டுபோனால் காந்தம் தானே இழுத்து டக்கென்று உட்கார வைத்துவிடும். போன் சார்ஜரிலேயே சார்ஜ் ஏறும். இழுப்பு இறுக்கமாக, சிகரெட்டை இழுப்பது போலவே இருந்தது. புகையிலை ருசி என்று போட்டிருப்பதை நம்ப வேண்டாம். அது கருப்பட்டிக் காப்பிக்குப் பக்கத்தில் வரும். ஆனால் தொண்டையில் ஒரு உறைப்பு இறங்குகிறது பாருங்கள், அதுதான் நாள்பட்ட ஆட்கள் தேடுவது. அது கிடைத்தால் கை சிகரெட்டுக்குப் போவது குறைகிறது.

குறையும் உண்டு. சிகரெட் ஒரு கட்டத்தில் தீர்ந்துபோய் விரலைச் சுடும், போதும் என்று சொல்லும். இது சொல்லாது. தட்டு கழுவும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது, மகள் பேசிக்கொண்டிருக்கும்போது என்று கை தானாக அதைத் தேடுகிறது. சிகரெட்டை விட்டேன், நிகோட்டினை விடவில்லை. இன்னொரு கம்பெனிக் குப்பி இதில் ஏறாது. தீர்ந்த குப்பிகள் வீட்டில் குவிகின்றன. பல வருஷம் பிடித்து, வேறு வழியில் விட முடியாமல் திண்டாடும் வளர்ந்த ஆளுக்கு இது ஒரு கைப்பிடி. பிடிக்காத ஆள் இதைத் தொடவே கூடாது. நர்ஸாக என் தீர்ப்பு அதுதான்.

மேஜையில் மூன்றையும் பரப்பி வைத்திருந்ததைப் பார்த்து கயல் கேட்டாள்.

"அம்மா, உனக்குப் பெரியப்பாவோட புகைதானே? அப்புறம் ஏன் இவ்ளோ டெஸ்ட் பண்றே?"

"புகை இல்லடி. பகை."

"வாட்எவர். ஏன்?"

மூன்றையும் மேஜை டிராயருக்குள் அள்ளிப் போட்டேன். மட்டமான பொருளைக் கொடுக்காமல் விடுவதில் என்ன இருக்கிறது? கொடுக்கப்படாமல் போகிற பொருள், அவரைக் காப்பாற்றக்கூடிய பொருளாக இருக்க வேண்டும். மூன்றாவதில் புதிதாக ஒன்று வாங்கினேன், பெட்டி பிரிக்காமல். கூடவே குப்பிகள்.

3

ஏழுமலைக்குப் பால் வண்டி ஓட்டுகிற வேலை. சந்தவாசலில் ஏற்றி, கண்ணமங்கலத்தில் இறக்குவார். மலைக்காரப் பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்து நின்றபோது அவர் வீட்டில் முகம் கொடுத்துப் பேசியது தணிகாசலத்தின் மனைவி ருக்கு அக்கா மட்டும்தான். தணிகாசலம் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "ஏ மலைக்காரி" என்பார். பஸ் ஸ்டாப்பில் அவருக்குப் பெட்டிக்கடை. தம்பிக்கு முதல் சிகரெட் அந்தக் கடையில்தான்.

எனக்கு இங்கே நர்ஸ் வேலை கிடைத்து முதலில் நான் வந்தேன். அவரும் நாலு வயது கயலும் பின்னால் வருவதாக ஏற்பாடு. விசாவுக்கு நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கச் சொல்வார்கள், காசநோய் இல்லை என்று காட்டுவதற்கு. அவருக்குக் காசநோய் இல்லை. வேறொரு நிழல் இருந்தது. ஒரு நாட்டுக்குள் நுழைவதற்காக எடுத்த படம், அவர் எங்கேயும் போகப்போவதில்லை என்று சொல்லிவிட்டது.

வேலூரில் வைத்தியம். டாக்டர் சிகரெட்டைத் தொடாதே என்றார். அவரும் தொடவில்லை. தினமும் போனில் என்னிடம் சொல்வார், "இன்னிக்கும் இல்லடி." சின்னப் பிள்ளை வீட்டுப்பாடம் காட்டுவது மாதிரி. ஐந்து மாதம் அப்படிப் போனது. ஒருநாள் குரல் வேறு மாதிரி இருந்தது.

"அண்ணன் கடையில குந்திக்கினு இருந்தேன். நாலு பேரு இருந்தானுங்க. சீமைல கீற பொண்டாட்டிக்கு இங்க கீறவன் பயப்படறான்னு சொல்லி சிரிச்சானுங்க. அண்ணன் ஒண்ண பத்த வச்சு என் வாயில வச்சிட்டான். நானும் இஸ்துட்டேன் மல்லிகா."

அதற்குப் பிறகு அவர் "இல்லடி" என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அந்த ஒரு சிகரெட்டால்தான் செத்தார் என்று சொல்ல மாட்டேன். நோய் முற்றியிருந்தது, எனக்குத் தெரியும். ஆனால் அந்த ஐந்து மாதம் என் புருஷன் தனியாகக் கட்டிய சுவர். அதை நாலு பேர் சிரிப்பதற்காக ஒருத்தர் உடைத்தார்.

இறந்த சேதி வந்தபோது என் பாஸ்போர்ட் விசா நீட்டிப்புக்காக அலுவலகத்தில் இருந்தது. அந்த அலுவலகத்தின் படிக்கட்டில் ஒரு பகல் முழுக்க நின்றேன். இறந்தவருக்கும் எனக்கும் என்ன உறவு என்று கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் கேட்டாள். ஹஸ்பண்ட் என்பதற்குப் பதில் என் வாயில் 'என் வூட்டுக்காரரு' என்றுதான் வந்தது. அவள் திரும்பத் திரும்ப, பொறுமையாக, மன்னிக்கவும் புரியவில்லை என்றாள். அந்தப் படிக்கட்டில் நின்றுதான் தணிகாசலத்துக்குப் போன் செய்தேன்.

"மாமா, பாஸ்போர்ட்டு கைக்கு வந்துடும். நாளைக்கு வந்துடறேன். ஐஸ் பொட்டில வச்சிருங்க மாமா. நான் ஒருதரம் முகத்த பாக்கணும்."

"வாம்மா. வச்சிருக்கோம். நீ வராம எடுப்போமா?"

மெட்ராஸில் இறங்கி, வாடகைக் காரில் சந்தவாசல் போய்ச் சேர்ந்தபோது வாசலில் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். முந்தின நாளே எடுத்துவிட்டார்கள். நான் படிக்கட்டில் நின்று பேசிய கொஞ்ச நேரத்திலேயே. தணிகாசலம் மொட்டைத் தலையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "பொணம் ஒனக்கோசரம் காத்துக்கினு இருக்குமா?" என்றார், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. பிறகு ஊரில் பேசிய பேச்சு, புருஷன் சாவுக்கும் நேரத்துக்கு வராத மலைக்காரி என்பது. கயலைத் தூக்கிக்கொண்டு அன்றே மலை ஏறினேன். அந்த வாசலை மறுபடி மிதிக்கவில்லை.

4

நம் நாட்டில் வேப் தடை செய்யப்பட்ட பொருள். விற்கக் கூடாது, கொண்டுவரக் கூடாது. விமானத்திலோ பேட்டரிப் பொருளைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். ஆக, ஒரு விதிக்குப் பணிந்து இன்னொரு விதியை மீறினேன். என்னுடையது ஒன்று, பிரிக்காத பெட்டி ஒன்று. சானிட்டரி நாப்கின் வைக்கும் பைக்குள் இரண்டும். சென்னையில் சுங்க அதிகாரி கயலைப் பார்த்து, "சாக்லேட் நிறையவா?" என்று சிரித்தார். நான் பையை இடுப்போடு அணைத்துக்கொண்டேன். யாருக்காகப் பயப்படுகிறேன் என்று நினைத்தபோது ஆத்திரம்தான் வந்தது. இந்த ஆளுக்குக் கொடுக்காமல் இருப்பதற்காக ஜெயிலுக்குப் போகிற அளவுக்கு வந்துவிட்டேனே.

மலையில் புளி உலுக்கும் காலம். அண்ணன் வீட்டு முற்றம் முழுக்கப் புளி. அண்ணனும் அண்ணியும் ஓடு தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள். கயல் அவர்களோடு உட்கார்ந்து நான்கு தட்டினாள், விரலைத் தட்டிக்கொண்டாள், போனில் படம் எடுத்தாள். "இங்க சிக்னல் வருமா மாமா?" என்று அண்ணனைக் கேட்டதற்கு, "மேல பாறைக்குப் போனா வரும். அங்க போனா தேன் எடுக்க வந்த கரடியும் வரும்" என்றார். அவள் நம்பிவிட்டாள். இரண்டு நாள் போனைத் தொடவில்லை.

திதி அன்று படையல் போட்டோம். தணிகாசலத்துக்கு நான் சொன்ன வழி இதுதான்: போளூர் போய் மலை பஸ் பிடித்து, ஜமுனாமரத்தூருக்கு முன்னால் இறங்கி, ஏற்றத்தில் நடந்து வர வேண்டும். அண்ணனிடம் டிராக்டர் இருந்தது. அனுப்பவா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். மூச்சு விடத் திணறும் ஆளை ஏற்றத்தில் நடக்க வைக்கிறோம் என்று தெரிந்தே சொன்னேன். இங்கே வார்டில் அப்படிப்பட்டவர்களைக் குளியலறைக்குக்கூட நடக்க விட மாட்டேன்.

மதியம் தாண்டி வந்தார்கள், அவரும் ருக்கு அக்காவும். வளைவில் தெரிந்ததில் இருந்து முற்றத்துக்கு வரும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். பத்தடிக்கு ஒருமுறை நின்றார். மரத்தைப் பிடித்துக்கொண்டார். உதட்டைக் குவித்து ஊதினார். பெரிய உருவம் அவர். சட்டை இப்போது இரவல் வாங்கினது போலத் தொங்கியது. நான் மனதில் வைத்திருந்த ஆள் நாற்காலி நிறைய உட்கார்ந்திருந்தவர். வந்தவர் வேறு யாரோ. அதுவும் ஒரு கோபமாக இருந்தது எனக்கு. நான் பழிவாங்க வேண்டியவனைக் காலம் முந்திக்கொண்டு பாதி தின்றுவிட்டிருந்தது.

5

கட்டிலில் உட்கார வைத்தோம். அண்ணி தண்ணீர் கொடுத்தாள். மூச்சு ஒரு நிலைக்கு வர அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"நல்லா கீறியாம்மா," என்றார்.

"நல்லா கீறேன் மாமா."

"பாப்பா அப்பிடியே அவன் மாறியே கீது."

அவர் கண் என் கைப்பைக்குப் போனது. நானும் அதற்காகத்தான் அதை மடியில் வைத்திருந்தேன். பெட்டியை எடுத்து அவர் கண்ணெதிரே பிரித்தேன். குப்பியைக் காந்தத்தில் வைத்தேன், டக் என்றது. அவர் குழந்தை மாதிரி பார்த்தார்.

"பட்டன் ஒண்ணும் இல்ல. வாயில வச்சு இஸ்தா போதும். போன் சார்ஜர் போதும். மூணு வகை வாங்கிப் பாத்தேன் மாமா. ஒங்களுக்குன்னே பாத்தேன். இதான் இருக்கறதுல நல்லது. ஒரே வாரத்துல எனக்கே சிகரெட் நெனப்பு போய்டுச்சு."

"அப்படியாம்மா. நீ நல்லா இருப்ப." கையை நீட்டினார்.

நான் அதைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தேன். பெட்டியைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தேன்.

"தர மாட்டேன் மாமா."

அவருக்குப் புரியவில்லை. சிரித்தார். "இன்னாம்மா... எட்த்துனு வர்றேன்னு சொன்னியே."

"நீங்களும் வச்சிருக்கேன்னு சொன்னீங்களே."

புளி தட்டும் சத்தம் நின்றது. அண்ணன் தலை நிமிரவில்லை. ருக்கு அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். பன்னிரண்டு வருஷம் நான் இந்த ஒரு வரியைத்தான் வைத்திருந்தேன். இங்கிலாந்தில் பனியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது, பிறர் வீட்டுக் கிழவர்களின் படுக்கையை மாற்றும்போது, எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். நினைத்ததை விட நன்றாகவே வந்தது.

"என்னாண்ட போன்ல வான்னு சொல்லிட்டு, கொஞ்ச நேரத்துலயே எட்த்துட்டீங்க. ஏன் மாமா? ஒரு நாள். ஐஸ் பொட்டி வாடகைய நான் குடுத்திருக்க மாட்டேனா? ஏன்?"

அவர் ருக்கு அக்காவைப் பார்த்தார். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு, "சொல்லு. நானும்தான் கேக்கறேன். என்கிட்டயும் நீ சொல்லல," என்றார்.

அவர் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சைச் சேர்த்தார்.

"நீ வந்தா அழுவ," என்றார் தணிகாசலம். "அவன் மேல வுழுந்து அழுவ. நான் அவன் வாயில வச்சத சொல்லி அழுவ. அவன் ஒன்னாண்ட சொல்லிட்டான்னு எனக்குத் தெரியும். எங்கிட்டயே சொன்னான், அவகிட்ட சொல்லிட்டேண்ணேன்னு. ஊரு மொத்தம் நிக்கும். எல்லாம் என்ன பாப்பாங்க. அதான்... அதுக்கு முன்னாடி எட்த்துடலாம்னு."

இவ்வளவுதான் காரணம். நான் அவர் என்னை மலைக்காரி என்பதால் வெறுத்துச் செய்தார் என்று நினைத்திருந்தேன். வெறுப்பாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நாலு பேர் பார்ப்பார்களே என்ற பயத்துக்கு என் புருஷன் முகம் போயிருக்கிறது.

"இப்ப எல்லாரும் பாக்கறாங்க மாமா," என்றேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அந்த நிமிஷம் எனக்கு இனித்தது. மறைக்க மாட்டேன். பெட்டியை மட்டும் கொடுக்கவில்லை. நர்ஸாக அது தப்பு என்றும் தெரியும். இன்னொரு முறை வாய்த்தாலும் கொடுக்க மாட்டேன்.

அப்போதுதான் கயல் வந்து கட்டிலின் அந்தப் பக்கம் உட்கார்ந்தாள். நாங்கள் பேசியதில் பாதி அவளுக்குப் புரிந்திருக்கும். அவளுக்கு வந்த தமிழில், ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துக் கேட்டாள்.

"பெரியப்பா. அப்பா எப்படி சிரிப்பாங்க?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்தக் கேள்வியை அவள் என்னிடம் கேட்டதே இல்லை. கேட்டிருந்தாலும் நான் என்ன சொல்லியிருப்பேன்? என் போனில் அவர் படங்கள் இருக்கின்றன. குரல் இல்லை.

தணிகாசலம் அவளைப் பார்த்தார். "அவனா? சத்தமே வராது மொதல்ல. தோளு மட்டும் குலுங்கும். அப்பறம் இப்பிடி..." என்று சிரித்துக் காட்டினார். மூக்கை உறிஞ்சுவது போல ஒரு சத்தம், பிறகு பெரிய வெடிப்பு. நடிப்பில்லை. அண்ணன் தம்பிக்கு ஒரே சிரிப்பு. ஏழுமலை அந்த முற்றத்தில் சிரித்தார். அடுத்த நொடி இருமல் வந்து அதை அப்படியே விழுங்கிவிட்டது.

நான் எழுந்து வீட்டுக்குப் பின்னால் போய்விட்டேன். பலா மரத்தில் சாய்ந்து என் வேப்பை எடுத்து இழுத்தேன். ஒன்று, இன்னொன்று, இன்னொன்று. அதற்குத்தான் முடிவே இல்லையே.

திரும்பி வந்தபோது அவர்கள் கிளம்பியிருந்தார்கள். அண்ணன் என்னைக் கேட்காமல் டிராக்டரில் ஏற்றி அனுப்பிவிட்டார். கயலும் கூடவே போயிருந்தாள், பஸ் ஏற்றிவிட. போகும்முன் ருக்கு அக்கா அண்ணியிடம் ஒன்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்: "மல்லிகாகிட்ட சொல்லு, அவ குடுக்காதது சரிதான். ஆனா இந்த ஆள இனிமே நான்தான் பாத்துக்கணும்."

6

திரும்பி வந்து சில மாதங்கள் ஆகின்றன. அந்தப் பெட்டியை எங்கள் ஆஸ்பத்திரியில் தள்ளுவண்டி தள்ளும் ஒரு ஆளுக்குக் கொடுத்துவிட்டேன். நாளுக்கு இரண்டு பெட்டி சிகரெட் பிடித்தவர். இப்போது விட்டுவிட்டார். என்னைப் பார்க்கும்போதெல்லாம் நன்றி சொல்கிறார். தணிகாசலத்துக்காகத் தேர்ந்தெடுத்தது யாரோ ஒருவருக்கு வேலை செய்கிறது. அதில் எனக்கு வருத்தம் இல்லை.

ருக்கு அக்கா அவரை இழுத்துக்கொண்டு வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். அங்கே புகையை விடுகிறவர்களுக்கென்று ஒரு பிரிவு இருக்கிறது என்று கயல்தான் தேடிப்பிடித்து அனுப்பியிருக்கிறாள். மெல்லுகிற நிகோட்டின் கம் கொடுத்திருக்கிறார்கள். வேப்பங்கொட்டையை மெல்லுவது மாதிரி இருக்கிறதாம். விட்டாரா, பாதி விட்டாரா, தெரியாது. கேட்கவில்லை.

ஞாயிறு காலையில் கயல் அவரோடு வீடியோவில் பேசுகிறாள். போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்துக்கொண்டு, ரொட்டியில் ஜாம் தடவிக்கொண்டே கேள்வி கேட்பாள். அவள் தமிழ் இந்த நான்கைந்து மாதத்தில் திருந்தியிருக்கிறது. நான் பன்னிரண்டு வருஷம் முயன்றும் வராதது. அதுவும் சந்தவாசல் தமிழ். போன வாரம் என்னைப் பார்த்து, "இன்னாமா சும்மா குந்திக்கினு கீற" என்கிறாள்.

நான் அந்த நேரத்தில் அடுப்படியை விட்டு வெளியே வருவதில்லை. அவர் முகத்தைப் பார்ப்பதில்லை, பேசுவதில்லை. மன்னிக்கவும் இல்லை. ஆனால் அடுப்பை அணைத்துவிடுவேன், குழாயை மூடிவிடுவேன். காது அங்கேதான் இருக்கும்.

இந்த ஞாயிறு, ஏழுமலை முதன்முதலில் என்னைப் பற்றி வீட்டில் சொன்ன கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கே தெரியாத கதை. மழையில் பால் வண்டியை நிறுத்திவிட்டு நேரே கடைக்கு வந்து, நனைந்த சட்டையோடு நின்று, "அண்ணே, ஒரு பொண்ணப் பாத்திருக்கேன், மலைல, நர்ஸுக்குப் படிக்குது" என்றாராம்.

"நான் ஒத்துக்கல. கண்டபடி திட்டினேன். அவன் நின்னுக்கினே இருந்தான். அப்பறம் ஒண்ணு சொன்னான் பாரு..."

இருமல் வந்தது. நீண்ட இருமல். கயல் காத்திருந்தாள். நானும் காத்திருந்தேன், கையில் ஈரத் துணியோடு. போனுக்குள் அவர் காற்றைத் தேடுவது கேட்டது. வார்டில் எத்தனையோ முறை கேட்ட சத்தம். எனக்கு முதல்முறையாகப் பயம் வந்தது. இந்த ஆள் சொல்லி முடிக்காமல் போய்விடக் கூடாது. இன்னும் எவ்வளவோ அவரிடம் இருக்கிறது, எல்லாம் என்னுடையது.

இருமல் அடங்கியது. அவர் தண்ணீர் குடிக்கிற சத்தம் கேட்டது.

நான் அடுப்படியிலிருந்தே சத்தமாகக் கேட்டுவிட்டேன்:

"அப்பறம் இன்னா மாமா சொன்னாரு?"